மொரிசியஸ்காரரும் பிஜிக்காரரும்

சொந்தக்காரர் இல்லாத ஊர் ஒன்றை ஐரோப்பாவில் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் நான் பட்ட பாடு. பாரிஸை நினைத்தும் பார்க்க முடியாது. அங்கே ரயிலை விட்டு இறங்கும் முன்பே பெட்டியை வாங்க ஆள் வந்து நிற்கும். சுவிஸ், ஜெர்மனி, நோர்வே எல்லாம் என்னுடைய, மனைவியுடைய சித்தப்பா, பெரியம்மா வழிகளால் நிரம்பிவிட்டன. இத்தாலி காலியாக இருக்கும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பலெர்மோவில் என் மனைவியின் ஒன்றுவிட்ட தமையன் குடும்பத்தோடு இருப்பதாகவும், நாங்கள் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை என்று கோபத்தில் இருப்பதாகவும் தெரியவந்தது. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் வெளிநாடு போனதெல்லாம் கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் செத்தவீட்டுக்கும்தான். ஒரு நாட்டையும் பார்த்ததில்லை, அந்தந்த நாட்டு மண்டபங்களைப் பார்த்திருக்கிறோம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். முதலில் ஊரில் எவ்விடம் என்பார்கள். அடுத்து யாருடைய மகன், யாருடைய மகள். மூன்றாவதாக, தேத்தண்ணீர் மேசைக்கு வரும் முன்பே, “பிள்ளையள் எத்தினை?” இல்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் தொடங்கும். எந்தக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தீர்கள், எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், யாரில் பிழை. இப்போது இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டதால் கோயிலும் டாக்டரும் ஓய்ந்து, “ஐயோ பாவம்” என்று தலையை ஒருபக்கம் சாய்க்கிற முகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. என்னைக் கேட்டால் நேர்த்திக் கேள்வியே பரவாயில்லை.

போன வருடம் பிளேஸ்டோவில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பிறந்தநாள் வீடு. யாரோ ஒரு பிள்ளையை என் மனைவியின் மடியில் இருத்திவிட்டுப் போனார்கள். பிள்ளை அவளுடைய வளையலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. வயது போன ஓர் அம்மா வந்து, பிள்ளைக்குப் பசிக்குதாக்கும் என்று சொல்லி மெதுவாக வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளை அப்போதுதான் வயிறு முட்டக் குடித்து ஏப்பம் விட்டிருந்தது. என் மனைவி எழுந்து காருக்குப் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

“இஞ்சாருங்கோ, ஒரு கிழமைக்கு என்னை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ” என்றாள். “எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லாத ஊருக்கு. அந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கக் கூடாது. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.”

நகை கேட்டதில்லை, பெரிய வீடு கேட்டதில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டாள். இதையாவது செய்யாவிட்டால் நான் என்ன புருசன்?

நான் பஸ் ஓட்டுபவன். பாதை தெரியாமல் வண்டியை எடுக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆகவே முறைப்படி விசாரணை தொடங்கினேன். முறைப்படி என்றால், நாங்கள் போகப்போவது எவருக்கும் தெரியக்கூடாது, ஆனால் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதை எல்லாரிடமும் கேட்டு அறிய வேண்டும். டூட்டிங்கில் மரக்கறிக் கடையில், சும்மா பொழுதுபோகாமல் கேட்பவன்போலக் கேட்டேன்.

“ஸ்பெயினிலை எங்கடை ஆக்கள் இருக்கினமோ அண்ணை?”

கடைக்காரர் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே, “ஏன் இல்லை? பார்சிலோனாவிலை என்ரை சகலன் இருக்கிறான். நம்பர் தரட்டோ?” என்றார்.

வேண்டாம் என்றேன். அவர் கேட்காமல் கத்தரிக்காய்ப் பையின் மேலேயே எழுதித் தந்தார். பார்சிலோனா போயிற்று. வால்தம்ஸ்டோவில் இருக்கும் சக ஓட்டுநர் ஒருவர், தன் பெறாமகள், தம்பியின் மகள், மாட்ரிட்டில் படிக்கிறாள் என்றும், யாராவது அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கொடுத்தனுப்பலாம் என்றும் சொன்னார். மாட்ரிட்டும் போயிற்று. வலென்சியா என்றபோது மட்டும் எல்லாரும் முழித்தார்கள். ஒருவர், “அது தோடம்பழமெல்லோ?” என்றார், ஒரேஞ்சை நினைத்து. அன்று பின்னேரமே டிக்கெட் போட்டுவிட்டேன்.

சுற்றியிருந்தவர்களிடம் வேல்ஸுக்குப் போகிறோம் என்று சொன்னோம். மழை பார்க்கவா என்று கேட்டார்கள். ஓம் என்றோம். கூட வருகிறோம் என்று எவரும் சொல்லவில்லை.

அப்படியும் எங்கள் ஆட்களை நம்ப முடியாது. சந்திரனில் இறங்கினாலும் அங்கே ஒருவர் கடை திறந்து வைத்திருந்து, ஊரில் எவ்விடம் என்று கேட்பார். எனவே விமானத்தில் இருந்தபடி மனைவிக்கு ஒரு திட்டம் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் நிறத்தில் யாராவது கிட்ட வந்தால் நாங்கள் மொரிசியஸ்காரர். தமிழில் ஒரு சொல்லும் வாயில் வரக்கூடாது.

“மொரிசியஸைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்றாள்.

“ஒண்டும் தெரியாது. அதுதான் நல்லது. கேக்கிறவைக்கும் ஒண்டும் தெரியாது.”

வலென்சியா விமான நிலையத்தில் எங்களை அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. எங்கள் வாழ்க்கையில் இது முதல்தடவை. பழக்கதோஷத்தில் வெளிவாசலில் இருவரும் கொஞ்ச நேரம் பெட்டியோடு நின்றோம். பிறகுதான் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது உறைத்தது. மனைவியின் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. எனக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரோ ஒருவருடைய காரில் பின்சீட்டில் இருந்து, வலது பக்கம் பாருங்கோ, இடது பக்கம் பாருங்கோ என்று கேட்டே பழகிப்போனவன் நான்.

அன்று பின்னேரம் ஆறுதலாக நடந்தோம். அந்த ஊரில் ஒரு ஆறு இருந்திருக்கிறது. வெள்ளம் வந்து தொல்லை கொடுத்ததால் ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பி அனுப்பிவிட்டு, அது ஓடிய பள்ளத்தில் நீளமாகப் பூங்கா போட்டிருக்கிறார்கள். பழைய பாலங்கள் எல்லாம் மேலே அப்படியே நிற்கின்றன. கீழே ஆட்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

“தண்ணி இல்லாத ஆத்துக்கு இவ்வளவு பாலமோ?” என்றாள் மனைவி. நான் ஏதோ தெரிந்தவன்போல விளக்கம் கொடுத்தேன். அவள் நம்பவில்லை, ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிளேஸ்டோவில் அவள் என் கையைப் பிடித்து நடந்ததே கிடையாது, எந்த யன்னலுக்குப் பின்னால் யார் நிற்கிறார்களோ என்ற பயம்.

ஒரு கடையில் குளிர்ந்த வெள்ளை நிறப் பானம் ஒன்று தந்தார்கள். கோரைக்கிழங்கை அரைத்து எடுத்த பாலாம். எங்கள் ஊரில் கோரையை வயலிலிருந்து ஒழிப்பதற்குத்தான் ஆள் பிடிப்பார்கள், இங்கே அதைப் பிழிந்து குடிக்கிறார்கள். மனைவி இரண்டாவது கிளாசும் கேட்டாள். தெருவோரம் முழுக்கத் தோடை மரங்கள், பழம் தொங்குகிறது, ஒருவரும் பிடுங்கவில்லை. நான் ஒன்றைப் பிடுங்கித் தின்று பார்த்தேன். ஏன் பிடுங்கவில்லை என்பது விளங்கியது.

மறுநாள் காலை அந்த ஊரின் பெரிய சந்தைக்குப் போனோம். கோபுரமும் நிறக் கண்ணாடியுமாகக் கோயில்போலக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் முழுப் பன்றிக்கால் தொங்குகிறது. மனைவி அரிசிக் கடையைக் கண்டுபிடித்து, துணிப் பையில் இருந்த குண்டு அரிசியை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கையும் அதே மாதிரி அரிசியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வயதை விடக் கொஞ்சம் குறைந்த ஒரு பெண். பின்னால் அவருடைய கணவர், மீசையும் முழுக்கைச் சட்டையுமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு நாட்டையும் பார்த்திராமல் மண்டபங்களை மட்டும் பார்த்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

அவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், எந்த நாடு என்று கேட்டார்.

“மொரிசியஸ்” என்றேன்.

அவருடைய மனைவி என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கணவரின் சட்டைக்கையைப் பிடித்து மெல்ல இழுத்தார். அந்த மனிதர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

“நாங்கள் பிஜி” என்றார்.

இவர் பிஜி என்றால் நான் இங்கிலாந்து மகாராணி. யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே ஒரு மனிதரும் அந்தச் சொல்லை அப்படி அழுத்தி உச்சரிக்க மாட்டார். ஆனால் எனக்குக் கோபத்தை விட நிம்மதிதான் வந்தது. இவர்களும் எங்களைப்போல ஆட்களிடமிருந்து தப்பி ஓடி வந்தவர்கள் என்று கணித்துக்கொண்டேன். அப்படியானால் அவர்களும் வாயைத் திறக்கப்போவதில்லை. என் மனைவிக்கு மட்டும் இது தெரியக்கூடாது. தெரிந்தால் அன்றோடு அவளுடைய விடுமுறை முடிந்தது.

“பிஜிக்காரரும் பாக்க எங்கடை ஆக்கள் மாதிரித்தான் இருக்கினம், என்னப்பா?” என்று தெருவில் இறங்கியதும் கேட்டாள்.

“கடல் காத்து அப்பிடி” என்றேன்.

பழைய நகரம் சின்னது. முதல்தடவை வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வட்டத்தில்தான் சுற்றுகிறார்கள். பட்டு வியாபாரிகளின் பழைய மண்டபத்துக்குப் போனோம், முறுக்குத் தூண் ஒன்றின் பின்னாலிருந்து அவர்கள் வந்தார்கள். மாதா கோயிலின் மணிக்கூண்டில் மூச்சு வாங்க ஏறினோம், உச்சியில் அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அதற்கு மேலும் காணாததுபோல இருக்க முடியவில்லை. பிஜியும் மொரிசியஸும் சேர்ந்தே சுற்றத் தொடங்கின. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். இரண்டு பக்கமும் உடைந்த ஆங்கிலம், அதிலும் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் உடைத்துப் பேசினோம்.

“மொரிசியஸில் எந்தப் பக்கம்?” என்று அவர் கேட்டார். எங்கள் ஆட்களின் முதல் கேள்வி அவரை அறியாமல் வந்துவிட்டது.

“நடுவில்” என்றேன். “நீங்கள்?”

“நாங்களும் நடுவில்தான்.”

“அங்கே என்ன சாப்பிடுவீர்கள்?”

“சோறு.”

“நாங்களும் சோறு.”

இரண்டு தீவுகளையும் பற்றிய எங்கள் அறிவு இத்தோடு தீர்ந்தது. அதன்பிறகு வெயிலைப் பற்றிப் பேசினோம்.

மத்தியானம் அந்த ஊர்ச் சோறு சாப்பிட உட்கார்ந்தோம். தட்டையான பெரிய சட்டியில், முயல் இறைச்சியும் அவரையும் போட்டு, அடிப்பிடிக்க விட்டு எடுத்து வருகிறார்கள். அந்த அடிப்பிடித்த பகுதிதான் விசேஷமாம், அதைச் சுரண்டித் தின்பதற்கு ஒரு தனிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதே சோற்றுக்கு எனக்கு ஒருநாளும் பாராட்டுக் கிடைத்ததில்லை. பிஜிக்காரர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிப் போத்தலை எடுத்துச் சோற்றின் மேல் தட்டினார். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், எங்கள் வீட்டுத் தூள், கறிவேப்பிலை மணம் மேசை முழுக்க எழும்பியது. நான் பதறிப்போய்க் கோப்பித்தூளைப் பற்றிச் சத்தமாகப் பேசத் தொடங்கினேன். மனைவியின் மூக்கு ஒருதரம் துடித்தது.

“பிஜி மிளகாய்” என்றார் அவர், என் கண்ணைப் பார்க்காமல்.

“மொரிசியஸிலும் கிட்டத்தட்ட இப்படி ஒன்று உண்டு” என்று சொல்லி, நானும் வாங்கித் தட்டிக்கொண்டேன். மனிதனால் எவ்வளவைத்தான் தாங்க முடியும்?

மறுநாள் காலை விசிறிக் கடையில்தான் விபரீதம் நடந்தது. கையால் நிறம் தீட்டிய விசிறிகள், திறக்கும்போது படக்கென்று சத்தம் வரும். பிஜி அம்மா ஒன்றைத் தன் மகளுக்கென்று எடுத்தார். என் மனைவியும் ஒன்றை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், நீல நிறத்தில் மல்லிகை மாதிரிப் பூப்போட்டது. கடைக்காரி அவளைப் பார்த்து, இதுவும் மகளுக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எங்கள் ஆட்கள் இல்லாத ஊர் தேடி வந்து, அந்தக் கேள்வியை ஒரு ஸ்பானியக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோமே என்று நொந்துகொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்.

“ஆம், மகளுக்கு. எனக்கு மூன்று பேர். இரண்டு பையன்கள், பிறகு இவள்.”

நான் விலை பார்க்க எடுத்திருந்த பீங்கான் தட்டைக் கீழே வைத்தேன். பிஜி அம்மா என் மனைவியின் கையிலிருந்த விசிறியைப் பார்த்தார். பிறகு அலுமாரிப் பக்கம் திரும்பி, “மகளுக்கு என்ன வயது? இளம் பிள்ளை என்றால் இந்தப் பச்சையும் நன்றாயிருக்கும்” என்றார்.

“இருபது. அவளுக்கு நீலம்தான் பிடிக்கும்” என்றாள் என் மனைவி.

எனக்கு மகள் இருக்கிறாள், அவளுக்கு நீலம்தான் பிடிக்கும் என்பது இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

அந்த ஊரில் மத்தியானத்துக்குப் பிறகு கடைகளைப் பூட்டிவிட்டு எல்லாரும் படுத்துவிடுவார்கள். நாங்களும் அறைக்குத் திரும்பினோம். ஏன் இப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் படியேறினேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, “மூத்தவன் ரயில் ஓட்டுறான். சொல்லி வைக்கிறன், ஆரும் கேட்டால் மாறிச் சொல்லிப் போடாதேங்கோ” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. “அதெப்பிடி? நான் பிஜிக்காரருக்கு அவனைப் பல் டொக்டர் எண்டெல்லோ சொல்லிப் போட்டன்.”

“எப்ப சொன்னனீங்கள்?”

“நீர் விசிறிக்குக் காசு குடுக்கேக்கை அந்த மனிசன் கேட்டது. வாயிலை வந்ததைச் சொன்னனான்.”

“என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல் என்ரை பிள்ளையைப் பல் டொக்டர் ஆக்கினீங்களோ?”

“உம்மடை பிள்ளையோ? எனக்கு அதிலை பங்கில்லையோ?”

எங்கள் கலியாண வாழ்க்கையில் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் போட்ட முதல் சண்டை அது. நன்றாகவே போட்டோம். இரண்டாவது மகனைச் சட்டம் படிக்க வைப்பதா, அவன் விரும்புகிறபடி பாட்டுப் பாட விடுவதா என்பதில் சமாதானமே வரவில்லை. பெயர் வைக்கும்போது மட்டும் இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அந்தப் பெயர்களை இங்கே எழுதமாட்டேன், அது எங்கள் வீட்டு விஷயம்.

பின்னேரம் சந்தித்தபோது எதிர்பார்த்தபடியே மாட்டினோம். பிஜிக்காரர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “மூத்தவர் பல் டொக்டர் என்றீர்கள், உங்கள் மனைவியோ அவர் ரயில் ஓட்டுகிறார் என்கிறார்” என்றார்.

“பல் அவனுக்குப் பிடிக்கவில்லை” என்றேன். “விட்டுவிட்டு ரயிலுக்குப் போய்விட்டான்.”

அவர் மீசையைத் தடவினார். “நல்ல முடிவு” என்றார் கடைசியில். “பல்லில் யூனியன் இல்லை.”

மேசைக்குக் கீழே என் மனைவி என் காலை மிதித்தாள். ஒரு தொழிலிலும் நிலைத்து நில்லாதவன் என்று தன் மகனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டேனாம். அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியதுதான். மூத்தவனுக்கு ஒரு கோடுபோட்ட சட்டை எடுத்தாள். கழுத்தளவு என்ன என்று கடைக்காரன் கேட்டபோது ஒரு கணமும் தடுமாறவில்லை, என் கழுத்தைக் காட்டி, “இவரைப் போலத்தான், கொஞ்சம் பெரிது” என்றாள். பாட்டுக்காரனுக்குத் தோல் மாதிரி ஒரு கறுப்பு ஜாக்கெட். அது அவனுக்கு வேண்டாம், இருக்கிற வால்தனம் போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன், தாயும் மகனும் ஒரு கட்சி. சின்னவளுக்கு விசிறி போதாதென்று ஒரு பட்டுச் சால்வை. ஒவ்வொரு கடையிலும் பிஜி அம்மா பக்கத்தில் நின்று துணியைத் தடவிப் பார்த்தார், இது தோய்த்தால் சுருங்கும், அதை எடுங்கள் என்று புத்தி சொன்னார். என் மனைவி வலென்சியாத் தெருக்களில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். குழப்படிப் பிள்ளைகளைப் பெற்றவள்போல அலுத்துக்கொண்டாள், ஒன்றும் ஒரு போன் எடுப்பதில்லை என்று குறை சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்தச் சந்தோஷத்தை யாரும் வந்து பறிக்கக்கூடாது என்று நானும் எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டபடி பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஊர் பார்த்தது அவ்வளவுதான்.

கடைசிக்கு முதல் நாள், நாங்கள் மான்செஸ்டருக்குப் பறக்கிறோம் என்று பொய் சொல்லி விடைபெற்றேன். எங்களுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது என்றார் அவர். நல்ல மனிதர்கள், இனி ஒருநாளும் காணப்போவதில்லை என்று நினைத்துக் கவலைப்பட்டேன்.

மறுநாள் லண்டன் விமானத்தின் வாசலில் எங்கள் பை பிரச்சினையாகிவிட்டது. ஆளுக்கு ஒரு பை, அதுவும் அளவு பார்க்கிற அந்த இரும்புக் கூட்டுக்குள் இறங்க வேண்டும். பிள்ளைகளின் சாமான்களோடு அது எப்படி இறங்கும்? விட்டுவிட்டுப் போவோம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மனைவி பையைத் திறந்தாள். மூத்தவனின் சட்டையை எடுத்துத் தன் உடுப்புக்கு மேலே போட்டாள். சால்வையைக் கழுத்தில் சுற்றினாள். அதற்கு மேல் பாட்டுக்காரனின் ஜாக்கெட்டைப் போடப் போனால் கை நுழையவில்லை. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் நின்ற ஒரு பெண் வந்து ஜாக்கெட்டைப் பிடித்தார்.

“கையைத் தூக்குங்கோ அக்கா” என்றார்.

மனைவி தூக்கினாள். கை உள்ளே போயிற்று. பிறகுதான் என்ன பாஷையில் சொன்னார் என்பது அவளுக்கு உறைத்தது. தூக்கிய கை அப்படியே நின்றது.

பிஜி அம்மாதான். அவருக்குப் பின்னால் அந்த மனிதர் கூரையில் இருந்த விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. எல்லாம் முடிந்து லண்டனுக்கு ஏறப்போகிற நேரத்திலா?

“அப்ப ஏன் பிஜி எண்டனீங்கள்?” என்று அவரைப் பிடித்தேன்.

“நீங்கள் மொரிசியஸ் எண்டியள்” என்றார் அவர் பரிதாபமாக. “அதுக்குப் பிறகு நாங்கள் தமிழ் எண்டு சொன்னால் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமெல்லோ. வாயிலை வந்தது பிஜி. மனிசி இண்டைவரைக்கும் பேசுது, ஏன் அவ்வளவு தூரம் போனனீங்கள், மாலைதீவு காணாதோ எண்டு.”

தப்பி ஓடி வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். அவர்கள் சும்மா ஊர் பார்க்க வந்தவர்கள். எங்கள் பொய்யால் நாங்கள் வெட்கப்படக்கூடாது என்பதற்காக ஒரு கிழமை முழுக்கப் பிஜிக்காரராகக் கிடந்து உழன்றிருக்கிறார்கள்.

மனைவி அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள். “என்னை முந்தித் தெரியுமோ உங்களுக்கு?”

“டூட்டிங்கிலை என்ரை மச்சாள் வீட்டுக்கு ஒருக்கால் வந்தனீங்கள் அக்கா. நீங்கள் ஆரின்ரை முகத்தையும் பாக்கேல்லை, அதாலை நினைவிருக்காது. எனக்குச் சந்தையிலை கண்ட உடனை தெரியும்.”

என் மனைவியைத் தெரியும் என்றால், எங்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்றுதான் அர்த்தம். எங்கள் ஆட்கள் எங்கள் பெயரை மறப்பார்கள், அதை மறக்கமாட்டார்கள். விசிறிக் கடையிலும் தெரியும். சட்டைக்குக் கழுத்தளவு சொன்னபோதும் தெரியும். பக்கத்தில் நின்று துணியைத் தடவிப் பார்த்தது எல்லாம் தெரிந்துகொண்டுதான். என் மனைவி மூன்று பிள்ளைகளின் உடுப்பையும் போட்டுக்கொண்டு, அசையாமல் நின்றாள். அந்தப் பெண்ணின் தலை இப்போது ஒருபக்கம் சாயும், “பாவம்” என்ற சொல் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தால் பெண் என்றும் பார்க்காமல் சண்டை போடுவதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சால்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டார்.

“சின்னவளுக்குக் கலியாணம் சரிவந்தால் எங்களுக்கும் சொல்லுங்கோ அக்கா” என்றார். “எனக்குக் கார்ட் வர வேணும். மறந்திடாதேங்கோ.”

சிரிக்கவில்லை. கண்ணைச் சிமிட்டவில்லை. உண்மையாகவே கார்ட் வராவிட்டால் கோபித்துக்கொள்வார் போலிருந்தது.

என் மனைவி தூக்கிய கையை இப்போதுதான் இறக்கினாள். “உங்களுக்குச் சொல்லாமல் விடுவனோ?” என்றாள்.

நான் மற்றப் பக்கம் திரும்பி அழுதேன். அந்த மனிதர் என் தோளில் கை வைத்து, ஏதும் மிளகாய்த்தூள் வேணுமோ என்று கேட்டார். அவருக்கும் அந்த நேரத்தில் வேறொன்றும் சொல்ல வரவில்லை.

லண்டனில் இறங்கி, கூட்டத்தில் அவர்களைத் தவறவிட்டோம். மனைவி விமானத்திலும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. பிளேஸ்டோ போகிற ரயிலில் சட்டை, சால்வை, ஜாக்கெட் எதையும் கழற்றாமல் வேர்க்க வேர்க்க இருந்தாள். இனி லண்டன், இனிப் பழைய கேள்விகள், எல்லாம் முடிந்தது என்று யோசிக்கிறாளாக்கும் என்று நான் பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்தேன். எங்கள் ஸ்ரேஷன் கிட்ட வந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

“அவளுக்கு இப்ப என்ன கலியாணத்துக்கு அவசரம்?” என்றாள். “முதல்லை படிச்சு முடிக்கட்டும்.”

“அதைத்தான் நானும் நினைச்சனான்” என்றேன்.